திறப்பும் சாவியும்

டைக் வீதி,
திருகோணமலை.
ஞாயிறு பின்னேரம்

என் அன்பு மகள் சுதர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இவ்வளவு நாளும் போனில் சுகம் சுகம் என்று நான் சொன்னது நீ பயந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்னது பிள்ளை, இன்றைக்கு எழுதுகிற சுகம் உண்மையான சுகம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப் இருக்க அம்மா என்னத்துக்குப் பேனை பிடிக்கிறா என்று சிரிப்பாய். போனில் சொல்ல வெளிக்கிட்டால் பாதியில் நான் அழுவேன், அதைக் கேட்டு நீ அழுவாய், கதை அந்தரத்தில் நின்றுவிடும். இன்னொரு காரணமும் இருக்கிறது, அது கடிதத்தின் அடியில் வரும்.

இங்கே மாரி மழை ஓய்ந்து கடல் அடங்கிவிட்டது. கப்பல்துறையில் பெரியம்மா வீட்டுக் கூரைத் தகடு காற்றுக்குப் பறந்து இப்போதுதான் புதிது போட்டார்கள். நீ நட்ட செவ்வரத்தையை மான்கள் வந்து மொட்டையடித்துவிட்டன, கேற்றைச் சாத்தாமல் விட்டது நான்தான், கோட்டைப் பக்கம் அவ்வளவு புல் இருந்தும் இந்த மான்களுக்கு எங்கள் வீதிப் பூக்கன்றுதான் ருசி. சின்னவளுக்கு இருமல் என்றாய், கற்பூரவள்ளி அங்கே கிடைக்காது என்று தெரியும், இஞ்சியைத் தட்டித் தேனில் குழைத்துக் கொடு. சரி, அப்பாவின் கதைக்கு வருகிறேன்.

அவருடைய றெயில் பைத்தியம் உனக்குத் தெரியாததா. சீனக்குடா ஸ்டேசனில் காலமெல்லாம் உண்மையான றெயிலுக்குக் கொடி காட்டின மனுசன், பென்சன் எடுத்த பிறகு தகர றெயிலுக்குப் பின்னால் திரிகிறார் என்று நான் கோயில் வாசலில் நின்று பகிடி பண்ணாத நாள் இல்லை. வெள்ளைக்காரக் கடற்படைக் குடும்பங்கள் கப்பலேறின காலத்தில் விட்டுப்போன விளையாட்டுச் சாமான்கள் யார் யார் வீட்டுப் பரணிலோ கிடந்து, துருப்பிடித்து, கடைசியில் தவராசா அண்ணையின் பழைய இரும்புக் கடைக்குத்தான் வந்து சேரும். அவர் போன் எடுத்தால் போதும், அப்பா சோற்றுக் கோப்பையையும் விட்டுவிட்டு ஓடுவார். போன வருசம் அப்படி வந்ததுதான் பச்சை எஞ்சின். கடற்காற்றின் உப்பு அடியெல்லாம் தின்றிருந்தது. அதன் தகடுகளை மடித்துப் பிடித்திருக்கும் தகர நாக்குகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி உடலைக் கழற்றும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார், இன்னொரு தரம் மடித்தால் ஒடிந்துவிடுமாம். உள்ளே இறுகிக் கிடந்த பழைய கிறீசை மண்ணெண்ணெயில் கரைத்தார், ஒரு துளி வெளிப் பூச்சில் பட்டால் நிறம் போய்விடும் என்று என்னைக் கிட்டவும் விடவில்லை. புதுசாகப் பெயின்ற் அடிச்சால் வடிவாக இருக்குமே என்று கேட்டதற்கு, உமக்குப் புது முகம் ஒட்டினால் நீர் மக்டலினோ என்று கேட்டார். சாவி இல்லாமல் வந்த எஞ்சின் அது. பித்தளைத் துண்டு ஒன்றை அரத்தால் ராவி ராவிச் சாவியையும் அவரே செய்தார். எல்லாவற்றையும் பூட்டி முடித்து, சாவி கொடுத்து ஓடவிட்டுப் பார்ப்போம் என்று கதிரையை இழுத்துப் போட்ட காலையில்தான் பிள்ளை அவர் விழுந்தது.

பாரிசவாதம் வலது கையையும் வாயையும் பிடித்தது உனக்குத் தெரியும். மிச்சம் நான் உனக்கு மறைத்தது. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு அவருக்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது. திறப்பு. தேத்தண்ணி கொடுத்தால் திறப்பு, சுடுகிறதா என்று கேட்டால் திறப்பு, பாதர் வந்து தலையில் கை வைத்தாலும் திறப்பு. இந்த நோய் வருத்தத்தில் சில பேருக்கு ஒரு சொல் ஒட்டிக்கொண்டுவிடும், அதற்கு அர்த்தம் தேடாதீர்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆனாலும் மனம் கேட்குமா. கேற்றுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, சைக்கிள் பூட்டுத் திறப்பு, கோயில்காரர் எங்களிடம் தந்துவைத்த பெட்டகத் திறப்பு வரைக்கும் கோர்வையாகக் கொண்டுபோய்க் கையில் வைத்தேன். இடது கையால் வீசி எறிந்தார், சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. எனக்கும் கோபம் வந்தது, இனி இந்த வீட்டில் திறக்க என்ன மிச்சம் கிடக்கு என்று நானும் கத்தினேன். கிண்ணியாவிலிருந்து வருகிற அசனா என்ற பிள்ளை, கைக்குப் பயிற்சி கொடுக்கிறவள், தங்கமான பிள்ளை, றப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து அமத்துங்கோ அங்கிள், அமத்துங்கோ என்று கெஞ்சுவாள். அதுவும் அலுமாரிக்குக் கீழேதான் போகும். அப்பா வீடியோவில் முகம் காட்டாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதும், அப்பா என்ன சொல்லுறார் என்று நீ கேட்க, கதவைப் பூட்டச் சொல்கிறார் என்று நான் சமாளித்ததும் இந்த நாட்களில்தான். வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கப் போகிறேன் என்று நீ சொன்ன அன்று, அந்தக் கை இனி வராது என்று நானும் உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்தேன்.

எங்கள் கன்னியர் மடத்துக்குப் புதிதாக வந்த சிஸ்டர் ஜெசிந்தா, மாதத்தின் முதல் வெள்ளிக்கு அப்பாவுக்கு நற்கருணை கொண்டு வந்தா. தூத்துக்குடிப் பெண், சிரித்த முகம். அப்பா வழக்கம்போல் திறப்பு என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் சிஸ்டருக்குச் சிரிப்பு. மடத்துக்கு வந்த புதிதில் வேலைக்காரர் வந்து, சிஸ்டர், திறப்பு பின்னேரம் வரும் என்று சொல்ல, ஏதோ திறப்பு விழா என்று நினைத்துத் துவைத்த உடுப்பை மாற்றிக்கொண்டு வாசலில் போய் நின்றாவாம். அதைச் சொல்லிவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பி, இப்ப எனக்குத் தெரியும்யா, திறப்புன்னா சாவி, உங்களுக்கு எந்தச் சாவி வேணும் என்று கேட்டா.

பிள்ளை, அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர்களுடைய ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல், சாவி. எங்களுக்குக் கதவுக்கு ஒரு சொல், மணிக்கூட்டுக்கும் விளையாட்டுச் சாமானுக்கும் இன்னொரு சொல். நீ தவழுகிற காலத்திலிருந்து இந்த வீட்டில் திறப்பு என்றால் பூட்டுக்கு, சாவி என்றால் அப்பாவின் றெயிலுக்கு. அவருக்குச் சாவி என்ற சொல் தொலைந்துபோய், அதற்குப் பக்கத்தில் கிடந்த சொல் கையில் அகப்பட்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு அந்த மனுசன் இவ்வளவு நாளும் என்னிடம் கெஞ்சியிருக்கிறார், நான் வீட்டுப் பூட்டையெல்லாம் தேடியிருக்கிறேன். தையல் மெசின் லாச்சிக்கு ஓடினேன். வருத்தம் பார்க்க ஆட்கள் வருவார்களே என்று மேசையை ஒதுக்கினபோது, தொலைந்துபோகக் கூடாது என்று நானே பத்திரமாக வைத்த பித்தளைச் சாவி நூல்கட்டைகளுக்குள் கிடந்தது. எஞ்சினையும் சாவியையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். அழுதார். சத்தமில்லாமல், குழந்தை மாதிரி. சிஸ்டர் பார்க்கிறா என்றும் பார்க்கவில்லை.

நான் சாவி கொடுக்கப் போனேன், என் கையைத் தட்டிவிட்டார். இடது கையால் லேசாகத் திருப்பியிருக்கலாம், அதுவும் இல்லை. சாவியை எடுத்து, செத்த மீன் மாதிரிக் கிடந்த வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடித்து அதைப் பிடிக்கவைத்தார். திருப்பினார். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த நாள் காலையும் அதே. அதற்கடுத்த நாளும். பந்தை எறிந்த மனுசன் இதை எறியவில்லை. பக்கத்தில் சும்மா இருக்க ஏலாமல் நானும் அந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இத்தனை காலம் தூசி தட்டின சாமானை அப்போதுதான் முதல் தரம் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். உண்மையான எஞ்சினில் எத்தனை ஆணித் தலை உண்டோ அத்தனையும் தகரத்தில் புள்ளி புள்ளியாக அச்சடித்திருக்கிறது, ஜன்னல் விளிம்புக்கு மயிர் பருமனில் ஒரு தங்கக் கோடு. எந்தத் தேசத்தில் யார் கை இதைச் செய்தது, அந்தக் கை இப்போது இல்லை, அது செய்தது என் சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. பிறகு ஒரு காலை, குசினியில் அப்பம் சுட்டுக்கொண்டு நிற்கிறேன், டிக் என்று ஒரு சத்தம். ஓடி வந்தேன். அப்பா என்னைப் பார்த்தார். மறுபடி டிக். அந்தப் பெருவிரல் அசைந்ததை நான் கண்ணால் கண்டேன், அப்பம் கருகிப்போனது. அசனா வந்து பார்த்து வாயில் கை வைத்தாள். முறுக்கித் திருப்புறதுதான் ஆகக் கஷ்டம் அன்ரி, அதை இப்பவே செய்யச் சொல்லி நான் கேட்கவே மாட்டன் என்றாள். அலுமாரிக்குக் கீழிருந்த பந்தை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, இனி இதுதான் உங்கட பயிற்சி அங்கிள் என்றாள்.

இன்றைக்குப் பூசை முடிந்து வந்ததும் தண்டவாளத்தை எடுக்கச் சொல்லிக் கை காட்டினார். வட்டமாகப் பூட்டத் தெரியாமல் ஒரு துண்டை நான் மறுபக்கம் செருகிவிட்டேன். அதற்கு அவர் சொன்னார், மொக்கு என்று. திறப்புக்குப் பிறகு உன் அப்பாவின் வாயில் வந்த முதல் சொல் அதுதான். கலியாணம் முடித்த நாளிலிருந்து என் மடத்தனத்துக்கு எனக்கு எவ்வளவோ பேச்சு விழுந்திருக்கிறது, எந்தப் பேச்சுக்கும் நான் இப்படிச் சந்தோசப்பட்டதில்லை. வலது கையால் சாவி கொடுத்தார், ஒவ்வொரு டிக்குக்கும் நெற்றியில் வியர்வை. எஞ்சினை ஓடவிடாமல் பிடித்திருக்கும் சின்னத் தடையை விலக்கினார். பிள்ளை, அது ஓடியது. கிர்ர் என்று உறுமிக்கொண்டு மேசையில் வட்டமாக ஓடியது, உப்புச் சாடியைத் தாண்டி, என் செபமாலையைத் தாண்டி, அப்பாவிடமே திரும்பி வந்தது. கையில் இருந்த பலத்தையெல்லாம் வாங்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு ஓடுகிறது அந்தச் சின்னத் தகரம். ஓடுவது எஞ்சின் இல்லை, அவருடைய கைதான் என்று எனக்குப் பட்டது. நான் முழங்காலில் நின்றுவிட்டேன். யாரை நோக்கி நின்றேன் என்று இப்போது கேட்டாலும் சொல்லத் தெரியாது.

ஆகையால் வேலையை விடாதே. அழாமல், பதறாமல், கோடை லீவுக்குச் சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. அடுத்த ஞாயிறு வீடியோவில் எடு, அப்பா முகம் காட்டுவார். அவர் சொல் தேடும்போது நீ எடுத்துக் கொடுக்காதே, நான் அவசரப்பட்டுத்தான் இவ்வளவு நாளும் பிழை விட்டது. திறப்பு என்று வந்தாலும் சிரிக்காமல் பொறுத்திரு, சரியான சொல் பின்னால் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே, மருமகனை நான் விசாரித்ததாகச் சொல். மாதா உங்கள் மூன்று பேரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

தாளின் அடியில் அப்பாவுக்கு இடம் விட்டிருக்கிறேன், அதற்காகத்தான் இது தபாலில் வருகிறது. இடது கையாலே போடுங்கோ என்றேன், முறைத்தார். பேனையை வலது கையில் கேட்கிறார். அப்பா என்று முழுவதும் எழுதப் போகிறாராம், எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வரட்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா
மக்டலின்

அ