இடது பக்கத்து மரவாய்

அன்பு மகள் சிஹாருவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நம் காப்பிக்கடையும் சௌக்கியமாக இருக்கிறோம், நீயும் அந்தக் கனடாப் பனியில் வழுக்கி விழாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சௌக்கியமாக இருக்கிறாய் என்று ஒரு வரி எழுதினால் எனக்கு அதுவே போதும். குராயோஷியில் ஒரு மாதமாக மழை விடவில்லை, வீட்டுக்குள் கயிறு கட்டித்தான் துணி காய்கிறது. நண்டு வரத் தொடங்கிவிட்டது. யசுவே அத்தைக்கு இடுப்பு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து கைத்தடி இல்லாமல் நடக்கிறாள், நடக்கிற நேரத்தைவிட அதைப் பற்றிப் பேசுகிற நேரம்தான் அதிகம். உனக்கு அனுப்பிய பெட்டியில் கம்பளிக் காலுறையும் மிசோ சோயா விழுதும் இருக்கும், மிசோ டப்பாவின் மூடியை இறுக்கி வை, இல்லாவிட்டால் போன தடவை போலப் பக்கத்து வீட்டுக்காரி வாசனைக்குச் சண்டைக்கு வருவாள்.

ஆனால் இதையெல்லாம் சொல்வதற்காக நான் இத்தனை தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்காரவில்லை. பெருமை பேசத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் கெட்டதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். அப்பாவுக்கு இடது காது போய்விட்டது. வலது காது நன்றாக இருக்கிறது, மத்சுயேவில் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியாயிற்று, நரம்பு தளர்ந்துவிட்டது, போனது திரும்பாது, மற்றதற்கு ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கோடையில் ஸ்பீக்கருக்கு முன்னால் பொருத்த மரத்தில் புனல் மாதிரி அகலமான வாய் ஒன்று வரைந்து தரச் சொல்லி அப்பா உன்னை நச்சரித்தாரே, ஏன் இந்த அவசரம் என்று நீ என்னிடம் கேட்டாய், எனக்குத் தெரியாது என்று எழுதினேன். அப்போது நிஜமாகவே தெரியாது. இப்போது தெரியும். நீயே அவளுக்கு எழுதிவிடு, எனக்கு எழுத வராது என்று அப்பாவே சொல்லிவிட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.

அவருக்குக் காது என்றால் என்ன என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சின்ன வயதில் அந்தக் கடை மூலையில் மூச்சுக் காட்டாமல் வீட்டுப்பாடம் எழுதினவள் நீ. இசைத்தட்டு சுற்றும்போது பேசக் கூடாது என்று அவர் மாட்டிய பலகை, அவரே அறுத்து ஒட்டிச் செய்த பீப்பாய் அளவு ஸ்பீக்கர்கள், நடுவில் அவருடைய தோல் நாற்காலி, அந்த நாற்காலிக்குத்தான் எல்லாம் சரி பார்க்கப்படும், அதில் உட்கார்ந்தவனுக்கு வாத்தியக்காரன் எதிரில் நிற்பான், இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்தவனுக்கு அவன் அடுத்த அறையில் நிற்பான். ஊரூராக இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் வந்து உட்கார்ந்து கேட்டு, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். காது போயிற்று என்று தெரிந்ததும் மறுநாளே கடையைப் பூட்டிவிடுவார், பூட்டிவிட்டு மனிதர் என்ன செய்வார், அதுதான் அப்போது என் பயம்.

எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேள். வசந்தகாலத்திலிருந்தே கடையில் இடது பக்கத்து மேசைகளைத் துடைக்கிற வேலை எனக்குக் குறைந்துகொண்டே வந்தது. வழக்கமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக வலது பக்கம் நகர்ந்துவிட்டார்கள். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் இனோகுச்சி, நம் கடை திறந்த நாளிலிருந்து இடது ஜன்னலோரம்தான் உட்காருவார், அவர்கூட ஒருநாள் தொப்பியை எடுத்துக்கொண்டு வலது பக்கம் போய், முன்பின் தெரியாதவர்களோடு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஜன்னலில் காற்று வருகிறது என்று நினைத்து இடுக்கில் துணியை அடைத்தேன். அப்பாவும் அதைக் கவனித்திருக்கிறார், ஆனால் இந்த ஸ்பீக்கர் செய்கிற ஆட்கள் எதையாவது கவனித்தால் அடுத்த நிமிஷம் மரத்தின் மேல்தான் பழி போடுவார்கள். இடது பக்கம் ஒலி சேரவில்லை, வாய் குறுகலாக இருக்கிறது, அதனால்தான் நகருகிறார்கள் என்று முடிவு கட்டி உன்னிடம் கேட்டார். கேட்டுவிட்டு, தெருவிளக்குக்கு மூடி வரைகிறவள் என் ஸ்பீக்கருக்கு வாய் வரையப் போகிறாளாம் என்று என்னிடம் கேலி வேறு. நீ அனுப்பிய படத்தை மேசையில் விரித்தபோது அந்தக் கேலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு வெளிச்சம் தெருவில் விழ வேண்டும், படுக்கையறை ஜன்னலில் விழக் கூடாது, ஒலியும் அப்படித்தான், ஆட்கள் மேல் விழ வேண்டும், சுவரில் மோதித் திரும்பி வந்து குழப்பக் கூடாது என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதை வருகிறவர்களுக்கெல்லாம் தானே கண்டுபிடித்தது போலச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பின்கட்டுக் கொட்டகையில் வேலை ஆரம்பமாயிற்று. நீ சொன்னபடி பிளைவுட்டில் வளையம் வளையமாக அறுத்து, ஒன்றைவிட ஒன்று கொஞ்சம் பெரிதாக அடுக்கிப் பசை தடவி இறுக்கினார். உள்ளே பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருந்தது. அந்தப் படிகளைப் பட்டி வைத்து நிரப்பி உப்புத்தாள் போட்டு வழவழவென்று ஆக்குவது என் வேலை. குறுகலான தொண்டைப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுத்தான் மேடு பள்ளம் பார்க்க வேண்டும், அப்பாவின் தடித்த விரல் அதற்குள் போகாது. மகளே, தற்பெருமை என்று நீ நினைத்தாலும் பரவாயில்லை, அந்த இரண்டு தொண்டைகளும் இருக்கிற மாதிரி வழவழப்பு இந்த ஜில்லாவிலேயே கிடையாது. சோற்றில் மரத்தூள், தலையில் மரத்தூள், இருமினால் மரத்தூள். வலது பக்கத்து வாயைப் பொருத்திக் கேட்டுவிட்டு அப்பா கண்ணை மூடிக்கொண்டார், அருமை என்றார். இடது பக்கத்தைப் பொருத்திக் கேட்டுவிட்டு மங்கலாக இருக்கிறது என்று கழற்றினார். பசையில் ஈரம் என்றார், பலகையைப் புதிதாக வாங்கி மறுபடி செய்தார், அதுவும் மங்கல். உப்புத்தாள் போட்டது சரியில்லை என்றார். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டுக்கும் ஒரே கைதானே தேய்த்தது. மறுபடியும் செய்தார், மறுபடியும் அதே கதை. சாப்பாடு குறைந்தது, முகம் ஒடுங்கிப்போயிற்று, என்னோடு பேசுவதையும் கடைப் பலகைக்கு ஏற்றாற்போல் நிறுத்திக்கொண்டார்.

ஒருநாள் காலை அவர் முடிவெட்டப் போனார். நான் கடைக் கதவைத் தாழிட்டுவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, இடது வாயை வலது பக்கமும் வலது வாயை இடது பக்கமும் மாற்றிப் பொருத்தினேன். இரண்டையும் தூக்கி இறக்கி முதுகு பிடித்துக்கொண்டது தனிக் கதை. அவர் வந்ததும் ஒன்றும் தெரியாதவள் போலக் காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டு, இன்னொரு தடவை கேட்டுப் பாருங்களேன் என்றேன். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். வலது பக்கம் எப்போதும்போல அருமை, இடது பக்கம் அதே மங்கல் என்றார். மாற்றி வைத்ததையும், என் காதுக்கு இடது பக்கம் மங்கலே இல்லை என்பதையும் சொன்னேன். எழுந்து போய்ப் பின்பக்கம் எட்டிப் பார்த்தார், அவர் பென்சிலால் போட்டிருந்த குறியைப் பார்த்திருப்பார். அப்படியே ஸ்பீக்கர் மேல் கையை வைத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி நின்றார், பாட்டு முடிந்தும் இசைத்தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது, ஊசியை எடுக்கவில்லை. காது கேட்கவில்லை என்று கொஞ்ச நாளாகவே தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம இல்ல முட்சுமி. மரத்துல கோளாறா இருக்கட்டும்னு வேண்டிக்கிட்டேன். மரம்னா இன்னொண்ணு செஞ்சுக்கலாம்."

நான் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். அவர் அழவில்லை. கடையை மூடிடலாமா என்று மட்டும் கேட்டார். காது கேட்காமல் இடது ஸ்பீக்கரை ஏற்றி ஏற்றி வைத்திருக்கிறார், அந்தக் குடைச்சலுக்குத்தான் எல்லாரும் வலது பக்கம் ஓடியிருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. எழுந்திருங்க என்று அவரைத் தள்ளிவிட்டு அந்தத் தோல் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எது அதிகம், எது குறைவு என்று நான் சொல்கிறேன், நீங்கள் திருகுங்கள் என்றேன். உனக்கென்ன தெரியும் என்று அவர் கேட்பார் என்று பதிலைத் தயாராக வைத்திருந்தேன், கேட்கவில்லை. போய்த் திருகினார். இடது பக்கம் குறைங்க, இன்னும், இன்னும், நிறுத்துங்க என்று நான் அதிகாரம் செய்ய, மனிதர் பள்ளிக்கூடப் பிள்ளை போலச் செய்தார். இசைத்தட்டில் பாடின பாட்டுக்காரி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், சரியாக நடுவில் வந்து நின்றாள். அதற்குப் பிறகு கல்லாப்பக்கம் என் வழக்கமான இடத்துக்குப் போய் நின்று கேட்டேன், அங்கேயும் அவள் குரல் மங்கவில்லை. பழைய வாய் எனக்குப் பக்கவாட்டில்தான் பேசும், அடியொலி மட்டும் வரும், அதனால் அந்தத் தட்டில் தாளக்காரர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார் என்றே இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். அவர் துடைப்பக்குச்சி மாதிரி ஒன்றால் டிரம் தோலைத் தடவிக்கொண்டே இருக்கிறார், பாட்டு முழுக்க, ஒரு நொடிகூட ஓயாமல். நான் காப்பி ஊற்றிய நாளெல்லாம் அந்த மனுஷன் வேலை செய்துகொண்டுதான் இருந்திருக்கிறார். நீ வரைந்த வளைவுதான் அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது. என் மகள், என் மகள் என்று அங்கேயே நின்று சொல்லிக்கொண்டேன்.

இனி நல்லதைக் கேள். நவம்பர் கடைசி ஞாயிறு கடையின் பிறந்தநாள், வருஷத்தில் அன்று ஒரு நாள்தான் அப்பா பலகையைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும் பேச விடுவார் அல்லவா. இந்த வருஷம் வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை, நண்டுச் சூப் வைத்தேன். மதியம் எல்லாரும் வந்தார்கள். முதலில் பழக்கத்தில் வலது பக்கமே முண்டியடித்தார்கள். முதல் இசைத்தட்டு பாதி ஓடியபோது பல் டாக்டர் ஹத்தோரி அம்மா சத்தமில்லாமல் எழுந்து இடது பக்கம் போய் உட்கார்ந்தாள். பிறகு ஒருவர், பிறகு இன்னொருவர். தட்டு முடிவதற்குள் இனோகுச்சி தன் ஜன்னலோரத்தில் தொப்பியை வைத்துவிட்டார். அப்பா தட்டு மாற்றாமல் நடுவில் வந்து நின்றார். வசந்தகாலத்திலிருந்து தனக்கு இடது காது கேட்கவில்லை, இவ்வளவு நாள் கண்டபடி சத்தத்தை ஏற்றி உங்களையெல்லாம் வதைத்துவிட்டேன் என்று சொல்லித் தலை குனிந்தார். யாரும் ஆச்சரியப்படவில்லை, சிஹாரு. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. தெரிந்தும் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று அப்பா கேட்டார். இனோகுச்சிதான் பதில் சொன்னார்.

"பேசக் கூடாதுன்னு பலகை மாட்டினது நீங்கதானே. கழட்டுற நாள் வரட்டும்னு இருந்தோம். அதுவரைக்கும் தள்ளி உக்காந்துக்கிட்டோம், அவ்வளவுதான்."

சிரித்துச் சிரித்து ஹத்தோரி அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் செய்ததைத்தான் நான் உனக்கு எழுத வேண்டும் என்று நாலு நாளாக மனதுக்குள் வைத்திருக்கிறேன். ஸ்பீக்கர் பக்கம் கையைக் காட்டி, இந்த வாயை வரைந்தது கனடாவில் இருக்கிற என் பெண், வழித்துத் தேய்த்ததும் சரியாகக் கேட்டுச் சொன்னதும் என் பெண்டாட்டி, நான் வெறும் பசை தடவினவன் என்றார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து நீ கேட்டிருக்கிறாயா, நான் கேட்டதில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். என்னை இழுத்துக்கொண்டுபோய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவரே காப்பி போட்டார். காப்பி படுமோசம், ஆனால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன். இப்போது கடை வழக்கம்போல நடக்கிறது. காலையில் திறப்பதற்கு முன்னால் நான் உட்கார்ந்து கேட்டுச் சொல்கிறேன், அவர் திருகுகிறார். யோனாகோவிலிருந்து ஒருவர் வந்து உன் படத்தின் நகல் கேட்டார், மகளைக் கேட்காமல் தர முடியாது என்று அப்பா மார்பை நிமிர்த்திக்கொண்டு சொல்லி அனுப்பிவிட்டார். தருவதா வேண்டாமா என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று காய்கறி வாங்காமல் இருக்காதே, நூடுல்ஸ் டப்பாவைச் சாப்பாடு என்று சொல்லாதே. உன் கை பட்ட வேலையெல்லாம் இதேபோல நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டும், நீ நிறைந்து வாழ வேண்டும் என்று நானும் அப்பாவும் ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை போன் செய். இந்த வருஷம் நீ கூப்பிட்டபோதெல்லாம் இரு, அம்மாவிடம் தருகிறேன் என்று அப்பா உடனே என்னிடம் தள்ளிவிட்டார், உன் மேல் ஏதோ கோபம் என்று நீ நினைத்துக்கொண்டாய், எனக்குத் தெரியும். பழக்கத்தில் போனை இடது காதில்தான் வைப்பார், உன் குரல் வராது, வரவில்லை என்று சொல்ல வெட்கம். இப்போது நான் பார்க்காத நேரம் என்று நினைத்துக்கொண்டு, யாரும் கூப்பிடாத போனை எடுத்து வலது காதில் வைத்துப் பழகுகிறார். இன்னும் மறந்துபோகிறது. ஆகையால் அன்றைக்கு நீ அப்பா என்று கூப்பிட்டு மறுபக்கம் பதில் வராமல் இருந்தால் வைத்துவிடாதே கண்ணு. காது மாற்றிக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.

இப்படிக்கு,
உன் அம்மா
முட்சுமி