கன்று பிறந்த தேதிகள்

ஜூன் 14, 2006

சட்டைப் பையைப் பார்க்காமல் துவைக்கப் போட்டுவிட்டேன். இயந்திரத்தைத் திறந்தால் எல்லாத் துணியிலும் சிவப்புத் துணுக்குகள். என் கணவர் வெர்லினின் குறிப்பேடு. இந்த வசந்தத்தில் எந்தப் பசு என்றைக்கு ஈன்றது என்று அவர் பென்சிலால் குறித்து வைத்திருந்த ஒரே இடம். கூழாகிவிட்டது.

சொன்னேன். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டார். "சரி, விடு." அவ்வளவுதான். கணவன் திட்டியிருந்தால் தேவலை என்று நினைக்கும் மனைவி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஜூன் 15

சட்டைகளிலிருந்து இன்னும் காகிதம் உதிர்கிறது.

ஜூலை 28

அமெரிக்க மாட்டிறைச்சிக்கு ஜப்பான் மறுபடி சந்தையைத் திறந்துவிட்டதாம். முதலில் பைத்திய மாட்டு நோய் என்று இரண்டு வருடம் மூடினார்கள். டிசம்பரில் திறந்தார்கள். ஒரு பெட்டியில் முதுகெலும்புத் துண்டு இருந்ததென்று ஜனவரியில் மறுபடி மூடினார்கள். ஒவ்வொரு முறையும் தீவனக்கடையில் என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும், கப்பலைத் திருப்பி அனுப்பியது நான்தான் என்பது போல. இன்று கடைக்காரர், "என்ன ஹிதோமி, உங்க ஆளுங்களுக்கு ஒருவழியா பசி எடுத்துடுச்சு போல!" என்றார். சிரித்து வைத்தேன். நெப்ராஸ்காவில் இருபத்தோரு வருடம். இன்னும் 'உங்க ஆளுங்க'.

ஒசாகாவில் தங்கை கினுயேயிடம் போனில் சொன்னால் அவள், "உங்க ஊர் மாடு எங்களுக்கு வேணாம்க்கா" என்கிறாள்.

ஆகஸ்ட் 19

மாடு வாங்கும் கெல்ஸோ வந்தார். வேலியில் சாய்ந்துகொண்டு, "வெட்டும்போது இருபது மாசம் தாண்டியிருக்கக் கூடாது. என்னைக்குப் பொறந்துச்சுன்னு எழுத்துல காட்டு, ஜப்பானுக்குப் போறதுல சேத்துக்கறேன். இல்லன்னா சாதா விலைதான்" என்றார்.

"பாத்தா தெரியலயா? இன்னும் பால் மறக்காததுங்க" என்றார் வெர்லின்.

"எனக்குத் தெரியுதுப்பா. டோக்கியோவுல இருக்கறவனுக்கு உன் கண்ணு வேணாம், காகிதம் வேணும்."

சாதா விலைக்குப் போனால் வடக்கு மேய்ச்சல் நிலத்தை விற்க வேண்டியதுதான். போன வாரமே வெர்லின் சொல்லியிருந்தார். குறிப்பேடு எங்கே என்று கெல்ஸோ கேட்டபோது "தொலைச்சிட்டேன்" என்றார். நான் துவைத்தேன் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20

தேதிகள் இருக்கின்றன. இதோ, இந்த நோட்டில்.

பசுக்கள் ஈன்ற அந்த நாட்களில் சாப்பாட்டு மேசையில் வெர்லின் பேசியது அது மட்டும்தான் — இன்று எத்தனை, எந்தப் பசு. அவர் சொன்னதை எழுதினேன். நான் சொல்லாததையும் எழுதினேன். ஏப்ரல் 3: "நான்கு கன்று. 61, 112, 118, 140. ஒசாகாவுக்கு டிக்கெட் விசாரித்தேன், ஒருவழி." ஏப்ரல் 9: "மூன்று. 17, 90, 95. நான் போய்விட்டால் எத்தனையாவது நாள் இவருக்குத் தெரியவரும்?"

தேதிகளை மட்டும் வேறு தாளில் எழுதிக் கொடுத்தால் போதாதா?

ஆகஸ்ட் 23

போதாதாம். அன்றன்றைக்கு எழுதிய மூலம்தான் வேண்டும், நடுவில் ஒரு பக்கமும் விடாமல், என்கிறது கன்றுகளின் வயதைச் சரிபார்க்கும் கம்பெனி. எழுத்து ஜப்பானியம் என்பதால், படிக்க இறக்குமதி நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் வருவாராம்.

வெர்லினிடம் சொன்னேன். "உன் டைரியா? அதுல கன்னெல்லாமா எழுதுவ?" கொஞ்சம் கழித்து, "இஷ்டமில்லன்னா விடு. அது உன்னோடது. நிலம் போனா போகட்டும்."

அவர் அப்பா வாங்கிய நிலம். போனால் போகட்டுமாம். இப்படிப் பேசத் தெரிந்த மனிதர் ஏப்ரலில் எங்கே இருந்தார்?

காட்டிவிடலாம்.

செப்டம்பர் 6

டென்வரிலிருந்து தகமோரி என்பவர் வந்தார். அறுபது வயதிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். இந்த வீட்டில் என்னைத் தவிர யாரும் செய்யாதது. பார்லி தேநீர் கொடுத்தேன். சமையலறை மேசையில் மூவரும் உட்கார்ந்தோம்.

விரலை வரிவரியாக நகர்த்தி, தேதியையும் பசுவின் எண்ணையும் மட்டும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். வெர்லின் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஏப்ரல் 3-ல் விரல் நின்றது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நாலு கன்னு," என்றார் தகமோரி. "61, 112, 118, 140."

"பக்கம் முழுக்க எழுதியிருக்கே. மீதியெல்லாம் என்ன?" என்று கேட்டார் வெர்லின்.

தகமோரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வானிலை."

கிளம்பும்போது வாசலில், எங்கள் மொழியில், தாழ்ந்த குரலில் சொன்னார்: "ரொம்பக் கஷ்டமான வசந்தம் போல. உடம்பைப் பாத்துக்கோங்கம்மா."

கார் போன பிறகும் அங்கேயே நின்றேன்.

செப்டம்பர் 7

காலைக் காப்பியின்போது, கோப்பையைப் பார்த்துக்கொண்டே வெர்லின் சொன்னார்: "ஏப்ரல்ல வானம் நல்லாத்தானே இருந்துச்சு, ஹிதோமி."

நோட்டை எடுத்து வந்து வாசித்தேன். ஆங்கிலத்தில், ஏப்ரல் 3 முதல் மாதக் கடைசிவரை. குரலில் வெறும் களைப்பு. நான் முடித்ததும் ஒன்றுதான் கேட்டார்.

"ஏன் போகல?"

"தினம் ஏதாவது ஒண்ணு கன்னு போட்டுட்டே இருந்துச்சு. நீங்க ஒத்தையாளு."

எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, வெகுநேரம் கை கழுவினார்.

செப்டம்பர் 8

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு அவர் உரித்தார்.

அக்டோபர் 18

கன்றுகள் லாரி ஏறின. ஜப்பான் விலைதான். வடக்கு நிலம் தப்பித்தது. தாய்ப் பசுக்கள் நாள் முழுக்கக் கத்துகின்றன. அந்தச் சத்தத்துக்கு நடுவே வெர்லின், "இனி மார்ச் வரைக்கும் ஒத்தையாளு போதும். போகணும்னா இப்ப போ" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை.

நவம்பர் 12, ஒசாகா

கினுயேயோடு கடைக்குப் போனேன். அமெரிக்க மாட்டிறைச்சிக்குத் தனித் தட்டு, பெரிய அட்டை. ஒரு பெண் பொட்டலத்தை எடுத்தாள், திருப்பிப் படித்தாள், வைத்துவிட்டு ஆஸ்திரேலியா பக்கம் போய்விட்டாள். நான் ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டேன். "நீயே சமை, நீயே சாப்பிடு" என்றாள் கினுயே. அப்படியே செய்தேன். கடைசித் துண்டை மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டே அவள் எடுத்துக்கொண்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் வெர்லின் போன் செய்தார். அங்கே அப்போதுதான் விடிகிறது. 88-ஆம் எண் பசுவுக்குக் கால் வீக்கம், மேற்கு வேலி சாய்ந்துவிட்டது, முட்டை வேகவைக்கப் போய்ப் பாத்திரம் கருகிவிட்டது. நிற்காமல் அரை மணி நேரம். இருபத்தோரு வருடத்தில் இவ்வளவு பேசிக் கேட்டதில்லை. எப்போது வருவாய் என்று மட்டும் கேட்கவில்லை. "மார்ச் எட்டு வாக்குல முதல் பசு கன்னு போட்டுடும்" என்றார்.

"அதுக்கு முன்னாடி வந்துடறேன்."

"சரி" என்றார். ஆனால் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.