நீங்கள் இல்லாத கடையில் சிரிக்கிறேன்

என் உயிரான மாமாவுக்கு,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை மாமா என்றுதான் கூப்பிட்டேன். கணவர் என்று எழுதினால் யாரோ ஒருவருக்கு எழுதுவது போல இருக்கிறது. அதனால் இந்தக் கடிதத்திலும் நீங்கள் மாமாதான்.

நல்லா இருக்கீங்களா என்று உங்களைக் கேட்க முடியாது. நான் நல்லா இருக்கிறேன். அதை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை மாதம் எழுதாமலே இருந்தேன்.

போத்தனூரில் நம் சைக்கிள் கடை திறந்துதான் இருக்கிறது. நன்றாக நடக்கிறது. நீங்கள் இருந்தபோது நடந்ததைவிட நன்றாக நடக்கிறது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

போன வருஷம் ஆடிக் காற்று வீசிய அந்த மத்தியானம் உங்களுக்கு நினைவிருக்குமா? ரயில்வேக்காரர் ஒருவரின் வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்கள். சோறு ஆறுகிறது என்று நான் பின்கட்டிலிருந்து கூப்பிட்டபடியே இருந்தேன். பதில் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு பெங்களூரிலிருந்து வந்திருந்த நம் பையன், கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொன்னான். நானும் சரியென்றேன். மிச்சமிருந்த சைக்கிள்களை விற்றுவிட்டு ஷட்டரை இறக்கிவிடலாம் என்றுதான் உங்களிடம் வேலை பார்த்த டேவிட்டை வரச்சொல்லித் திறந்தேன். சத்தியமாக வேறு எண்ணம் எதுவும் இல்லை.

நீங்கள் என்னைக் கடைக்குள் விட்டதே இல்லை. நான் டம்ளரோடு வாசல்வரை வந்தாலே, "உனக்கு எதுக்கு அம்மணி இந்தக் கிரீஸு? வெச்சுட்டு உள்ள போ" என்பீர்கள். அதில் கோபம் இருக்காது, ஆசைதான் இருக்கும். என் கை கறுக்கக் கூடாது என்று நினைத்த மனிதர் நீங்கள். இன்றைக்கு என் நகத்தைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்?

முதலில் ஒரு அம்மா பேத்தியின் சைக்கிளைக் கொண்டுவந்தார். ஆன்லைனில் வாங்கியது, அட்டைப்பெட்டியில் பாதி பூட்டாமலே வந்திருந்தது. அந்த மாதிரி வண்டியை நீங்கள் தொடவே மாட்டீர்கள். "எங்க வாங்குனாங்களோ அங்கயே பூட்டிக்கட்டும்" என்று திருப்பி அனுப்பிவிடுவீர்கள். பொள்ளாச்சி ரோட்டில் பெரிய ஷோரூம் வந்ததிலிருந்து அங்கே வாங்கிய வண்டிக்கும் இதே பதில்தான். உங்களுக்கு மானப் பிரச்சினை அது. எனக்கு அது புரியும்.

டேவிட் தயங்கி என் முகத்தைப் பார்த்தான். "அண்ணன் செய்ய மாட்டாருங்கக்கா" என்றான்.

"அந்தப் புள்ள பெட்டியவே பாத்துக்கிட்டு நிக்குது பாரு. பூட்டிக் குடுத்துரலாம் தம்பி" என்றேன். நான் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள, அவன் போல்ட்டை முடுக்கினான். கடையில் நான் பார்த்த முதல் வேலையே நீங்கள் மாட்டேன் என்ற வேலைதான் மாமா.

அதற்குப் பிறகு அட்டைப்பெட்டிகளாக வர ஆரம்பித்தன. ஷோரூமில் வாங்கியவர்கள், அங்கே சர்வீஸுக்கு விட்டால் வாரக்கணக்கில் ஆகிறது என்று நம்மிடம் வந்தார்கள். நான் பங்சர் ஒட்டப் பழகினேன், பிரேக் ஒயர் மாற்றப் பழகினேன். சக்கரத்தில் கோட்டம் எடுக்கத்தான் ரொம்ப நாள் ஆனது. முதல் முறை சக்கரம் ஆடாமல் நேராகச் சுற்றியபோது கை தட்டிவிட்டேன். தட்டிய உடனே உங்கள் படத்தைத் திரும்பிப் பார்த்தேன். திருடும்போது மாட்டிக்கொண்டவள் போல இருந்தது.

கடையில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்ததும் பொம்பளைகள் வர ஆரம்பித்தார்கள். வெள்ளலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்க்கிற ரேவதி அப்படித்தான் வந்தாள். நாற்பது வயதிருக்கும். பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்துப்போனவள்.

"ஏனுங்கக்கா, இந்த வயசுல சைக்கிள் கத்துக்க முடியுங்களா? நீங்க எந்த வயசுல கத்துக்கிட்டீங்க?"

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க கண்ணு."

அவள் கடையை ஒரு சுற்றுப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "இத்தன வண்டிய வெச்சுக்கிட்டா?" என்று கேட்டுச் சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

நீங்கள் எனக்குக் கற்றுத்தரவில்லை என்று குறை சொல்லவில்லை. நானும் கேட்டதில்லையே. கல்யாணமான புதிதில் கேரியரில் உட்காரவைத்துக் காரமடைத் தேருக்கு எத்தனை தூரம் மிதித்தீர்கள்! உங்கள் முதுகுக்குப் பின்னால் அப்படி உட்கார்ந்து போவதே எனக்குப் போதுமாக இருந்தது. இப்போது ஏன் போதவில்லை?

ரேவதியும் நானும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம். பள்ளிக்கூட மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் ஒருத்தி சீட்டைப் பிடித்துக்கொள்ள இன்னொருத்தி மிதிப்போம். விழுந்து முழங்கால் சிராய்த்தது. அதைப் பார்த்து இன்னும் சில பேர் வந்தார்கள். ஒரு நர்ஸம்மா, கார்மெண்ட்ஸில் வேலை செய்கிற பிள்ளைகள், மருமகளோடு ஒரு மாமியார். கற்றுக்கொண்டவர்கள் நம்மிடமே வண்டி எடுத்தார்கள். பெங்களூருக்கு வரவில்லை என்று பையனிடம் சொல்லிவிட்டேன்.

எதற்கு இன்னும் கடை நடத்துகிறாய் என்று கேட்பவர்களுக்கெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன். "அவரு பேரு நிக்கோணுமுங்க, அதுக்குத்தான் நடத்தறேன்." கேட்டவர்கள் கண்கலங்குவார்கள். அவர்கள் போன பிறகு எனக்கு என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

அப்புறம் உங்கள் வருஷத் திதி வந்தது. உங்கள் தங்கச்சி செல்வி முந்தின நாளே வந்து எனக்குச் சமமாக வேலை செய்தாள். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு அவள் கைப்பக்குவம்தான். படையல் போட்டு, எல்லோரும் சாப்பிட்டு, சொந்தபந்தங்கள் கண்ணயர்ந்த நேரம். வாசலில் சைக்கிள் பெல் சத்தம் விடாமல் கேட்டது.

ரேவதி நின்றிருந்தாள். அவளுக்குத் திதி என்று தெரியாது. வேர்த்து ஊற்ற, மூச்சு வாங்க, தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"அக்கா! மேம்பாலத்து மேல ஏறி எறங்கிட்டேனுங்க! பஸ்ஸு லாரிக்கு நடுவால! ஒருக்காகூடக் கால ஊனல!"

நான் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டேன். வாய்விட்டுச் சிரித்தேன் மாமா. உள்ளே உங்கள் படத்துக்குப் போட்ட மாலை வாடக்கூட இல்லை. திரும்பினால், கதவோரம் செல்வி.

ரேவதி போகும்வரை செல்வி காத்திருந்தாள். அப்புறம் மெதுவாகத்தான் கேட்டாள். "அண்ணி, எங்கண்ணன் இருந்திருந்தா நீங்க இப்படிச் சிரிச்சிருப்பீங்களா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் வரவில்லை. "இல்ல கண்ணு. சிரிச்சிருக்க மாட்டேன்" என்றேன்.

அவள் பையை எடுத்துக்கொண்டு சாயந்திர பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். வாரேன் என்றுகூடச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரே கேள்விதான். ஒரு மத்தியானம் பெடல் மாற்றிக்கொண்டிருந்தபோது எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இப்போது மாமா தெருமுனையில் திரும்பி வந்து, போதும் அம்மணி, உள்ளே போ என்றால் போவாயா? போவேன். ஓடிப்போய்ச் சோறு போடுவேன். ஆனால் போவேன் என்று மனசு சொல்வதற்கு முன்னால் கையிலிருந்த ஸ்பேனரை ஒரு தடவை பார்த்தேன். அந்த ஒரு தடவையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உங்களால் முடியுமா?

போன வாரம் செல்வி போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அழுதுவிட்டுச் சொன்னாள். "எனக்கு அண்ணன் போனது மட்டுந்தான் அண்ணி மிச்சம். உங்களுக்கு வேற என்னமோ கெடச்சுப்போச்சு. அது எனக்குப் பொறுக்கல. பொறாமைன்னே வெச்சுக்கோங்க."

"வந்துட்டுப் போ கண்ணு. அண்ணனப் பத்திப் பேச எனக்கும் ஆளில்ல" என்றேன். நாளைக்கு வருகிறாள். நாங்கள் சேர்ந்து அழுவோம் என்று நினைக்கிறேன். சிரிப்போமா, தெரியாது.

மாமா, ஒரு சத்தியம் செய்கிறேன். இனி யார் கேட்டாலும் உங்கள் பேருக்காகக் கடை நடத்துகிறேன் என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் நடத்துகிறேன் என்பேன். என் சந்தோஷத்தை உங்கள் தலையில் கட்ட மாட்டேன். உங்களுக்காக அழுவதையும் கடை வேலைக்குள் ஒளித்துவைக்க மாட்டேன். சொல்லக் கூசினாலும் நாளைக்குச் செல்வியிடமே முதலில் சொல்கிறேன்.

கை கறுத்துப்போன உங்கள் வீட்டுக்காரி,
வசந்தாமணி