விட்டுப்போன பன்னிரண்டாம் ஆள்

பெசுத்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் அஸ்லினாவுக்கு உன் மாக் எழுதுவது.

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இந்த வரி எழுதுகிற நிமிடம்வரை உயிரோடு இருக்கிறேன், நலமா இல்லையா என்பதைக் கடிதத்தை முடிவுவரை படித்துவிட்டு நீயே சொல். நீ அந்த மொன்ட்ரியல் குளிரில் காதை மூடிக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசலாம் என்றால் எடுத்தவுடன் உன் சின்னம்மா, மாக் சூ எப்படி இருக்கிறாள் என்று கேட்பாய், எனக்குச் சுருக்கென்று வரும், சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். உன் ஆராய்ச்சிக் கட்டுரையில் ஒரு வரி தப்பு, அதைத் திருத்தவேண்டும், விஷயம் அதுதான்.

நீ அனுப்பிய உறை போன மாதம் வந்தது, என் பெயருக்கு இல்லை, மாக் சூவின் பெயருக்கு. ஸைத்தோன் என் கூடப்பிறந்த தங்கைதான், எதிரெதிர் வீடுதான், இருந்தாலும் தபால்காரர் என் வாசலைத் தாண்டி அவள் வாசலில் போய் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. கட்டுரையோடு நீலக் கம்பளிச் சால்வை வேறு. இந்த வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு மீன் வாங்கப் போனாள், கெரோப்போக் பொரிக்கிற கடையில் நின்று, 'கனடாவுல இருந்து அக்கா மக அனுப்பினா, நான் ஆராய்ச்சியில இருக்கேன்ல' என்று வியர்வை ஒழுக ஒழுக ஊருக்கெல்லாம் சொன்னாள். ஆங்கிலம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்பதால் கட்டுரையை ஆசிரியர் ருஸ்லி வீட்டுக்கு எடுத்துப்போனாள், என்னையும் இழுத்துக்கொண்டு. ஏழாம் எண் என்று ஒரு பெண், அவள் எப்படித் திடுக்கிட்டாள், எத்தனை நொடியில் கை பறந்தது, அவள் மூளைக்குள் என்ன நடந்திருக்கலாம் என்று பக்கம் பக்கமாக அவர் மலாயில் சொல்லச் சொல்ல, அந்த ஏழாம் எண் என் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் எங்கே என்று கேட்டேன். தேடித்தேடி நாலாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கண்டுபிடித்தார். வயர் சரியாக ஒட்டாததால் பன்னிரண்டாம் ஆளின் பதிவு சேர்க்கப்படவில்லை. அவ்வளவுதானா என்றேன். 'அவ்ளோதான் காக், ஆனா நீங்களும் இருக்கீங்கல்ல' என்றார், அக்கா முறை வைத்து ஆறுதலாம்.

இது பொறாமை என்று நினைப்பாய். பொறாமைதான், அறுபத்தொரு வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. நாற்பது வயதுக்குப் பிறகு அவளுக்கு லாத்தா வந்த நாளிலிருந்து இந்த ஊரில் எனக்குப் பெயரே இல்லை, நான் ஸைத்தோனின் அக்கா. பின்னாலிருந்து யாராவது விலாவில் விரலால் குத்தினால் போதும், கையில் இருப்பதைத் தூக்கி எறிவாள், சொல்லக்கூடாத வார்த்தையைச் சத்தமாகச் சொல்வாள், எதிரில் நிற்பவர் ஆடினால் தானும் ஆடுவாள், நிறுத்த அவளால் முடியாது. கல்யாணச் சமையலுக்குப் பெண்கள் கூடினால் முதல் கேள்வி ஸைத்தோன் வந்தாச்சா என்பதுதான். உட்கார்ந்து இருநூறு தேங்காய் துருவுகிறவள் நான், சிரிப்பும் பேரும் அவளுக்கு. அவள் கையில் கத்தி இருக்கும்போது யாரும் குத்தக்கூடாது என்று இத்தனை வருஷமாக முறைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறவளும் நான்தான், உன் கட்டுரையில் அதற்கு ஒரு வரி கிடையாது.

உன் அப்பா இறந்து ஆறாம் மாதம் நீ பெட்டியும் வயருமாக வந்தாய். என்னைப் பார்க்க வருகிறாய் என்று நினைத்தேன். முன்னறையை ஒதுக்கிக் கொடுத்தேன், பதினோரு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள், கண்ணுக்குக் கீழே வயர் ஒட்டினாய், காதில் ஹெட்போன் மாட்டினாய், திடீரென்று அதில் டமாரென்று சத்தம். ஸைத்தோன் தேநீர்க் கோப்பையை எறிந்தாள், கெட்ட வார்த்தை சொன்னாள், நீ எழுதுவதைப் பார்த்துக் காற்றில் எழுதினாள், நீ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து அவளைக் கட்டிக்கொண்டாய். நான் பொரித்து வைத்த வாழைப்பழம் தட்டிலேயே ஆறியது. மூன்று வாரத்தில் ஒருநாள்கூட, மாக் நீ எப்படி இருக்கிறாய் என்று நீ உட்கார்ந்து கேட்கவில்லை. கடைசி நாள் எனக்கும் லாத்தா இருக்கிறது என்று சொன்னேன். ஸைத்தோன் 'எப்பலேர்ந்து காக்' என்று மட்டும் கேட்டாள், பிறகு வாயை மூடிக்கொண்டாள், அந்த மட்டில் நல்லவள். இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவளுக்கு அதை நடிக்கத் தெரியாதா. சத்தம் வந்ததும் கரண்டியை எறிந்தேன், என் வாய்க்கு அடங்கிய இரண்டு கெட்ட வார்த்தையும் சொன்னேன். நீ திரையையே பார்த்துக்கொண்டு, 'என்ன மாக், வாய் கத்துது, கண்ணு இமைக்கவே இல்லையே' என்றாய். அந்தச் சத்தத்தை ஆறு தடவை போட்டுப் பார்த்தாய். பிறகு வயர் சரியாக ஒட்டவில்லை என்று சொல்லி என் பெயரின் மேல் கோடு போட்டாய். நான் நடித்தது தெரிந்துவிட்டது, என் மானத்தைக் காப்பாற்றத்தான் நீ வயர் மேல் பழி போடுகிறாய் என்று நினைத்து இத்தனை நாள் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

ஆனால் ருஸ்லி இன்னொன்றும் படித்தார். லாத்தா இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படிப்பட்ட சத்தத்துக்கு எல்லாருக்கும் கண் இமைக்கும், பச்சைக் குழந்தைக்குக்கூட இமைக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாயாம். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஸைத்தோன் போட்டுக்கொண்டாள். மறுநாள் காலை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து இரண்டு சட்டி மூடியை என் காதருகே மோதினாள். நான் திரும்பி என்ன வேண்டும் என்று கேட்டேன். அவள் தட்டிய சத்தத்துக்கு அவளே திடுக்கிட்டு, மூடியை எறிந்து, கெட்ட வார்த்தையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். 'மச்சான் போனதுலேர்ந்து நீ எதுக்கும் திடுக்கிடல காக். பெருநாள் வெடிக்குத் திரும்பல, தகரத்துல தேங்கா விழுந்தா நிமிரல. என்னை மாதிரி ஒருத்திக்குத்தான் அது கண்ணுல படும்' என்றாள். யோசித்துப் பார்த்தால் நிஜம்தான் மகளே. சோறு வாயில் மண்ணாக இருக்கிறது, உன் குரல்கூட எங்கோ அடுத்த வீட்டில் யாரோ பேசுவது போலக் கேட்கிறது. வயசு என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றி அரசாங்க கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். யாராவது ஹாரன் அடித்தால் கையை விட்டுவிடுகிறவள் வண்டி ஓட்டுகிறாள், நான் பின்னால் உட்கார்ந்து வருகிற லாரிக்கெல்லாம் அடிக்காதீங்க அடிக்காதீங்க என்று கையாட்டிக்கொண்டே போனேன். சின்ன வயது டாக்டர், சீனப் பெண், மலாய் அழகாகப் பேசுகிறாள். ஒன்பது கேள்வி கேட்டாள். எட்டுக்கு உடனே சொன்னேன். ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்று தோன்றியிருக்கிறதா என்பது. அதற்குச் சொல்ல எனக்கு நேரமாயிற்று, அவள் அவசரப்படுத்தாமல் காத்திருந்தாள். ஆமாம் என்று சொன்னேன். இதற்கு மனச்சோர்வு என்று பெயராம், துக்கத்தில் மனசு மட்டுமில்லை, மூளையும் சேர்ந்து சோர்ந்துபோகுமாம், மருந்து பிடிக்கச் சில வாரம் ஆகும், அதுவரை தனியாக இருக்கவேண்டாம் என்றாள். அன்றிலிருந்து ஸைத்தோன் என் வீட்டில்தான் படுக்கை, மாத்திரை டப்பா அவள் கையில். வாரம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறேன். நேற்று குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.

இதிலும் அவளே முந்திவிட்டாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் முகத்தில் வயர் ஒட்டியவள் நீ, திரை உன் கண்முன்னால் இருந்தது, மூளைக்குப் படித்தவள் நீ. இரண்டு சட்டி மூடியை வைத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்தாள். நீ கண்டுபிடித்திருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை, அவ்வளவுதான், குற்றம் சொல்லவில்லை. நானும் நடித்துத் தொலைத்தேனே. இதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே விமானம் ஏறாதே, கையில் இருக்கிற வேலையை முடி, பெருநாளைக்கு முன்னால் வா. பெட்டியையும் கொண்டுவா. இந்தத் தடவை முதலில் என்னை உட்காரவை, ஒன்றையும் எறியமாட்டேன். எனக்கும் ஒரு சால்வை, அவளுடையதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அல்லாஹ் உன் அறிவைப் பெருக்கட்டும், உன் கண்ணுக்கு இன்னும் வெளிச்சம் கொடுக்கட்டும். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே, வியாழக்கிழமை உன் அப்பாவுக்கு யாசீன் ஓத மறக்காதே. அந்த நாலாம் பக்கத்து வரியை மட்டும் எடுத்துவிடு. வயர் நன்றாகத்தான் ஒட்டியிருந்தது.

இப்படிக்கு உன் மாக்,
ரொகாயா, பன்னிரண்டாம் ஆள்.