சினை இறால் இறங்கும் காலம்

திருமயம் பக்கம்,
விஷு வருஷம் மார்கழி 14

சிரஞ்சீவி சொர்ணவல்லிக்கு அப்பா ஆசீர்வாதம். கோட்டை பைரவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதக் கை வருகிறதே தவிர மனசு ஒரு நிலையில் இல்லை, உன் ஆத்தா சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாள். இரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டானாம், பேப்பரில் வந்திருக்கிறது, அண்ணனை அங்கே விட்டிருக்கிற நம்ம பக்கத்து வீட்டு அடைக்கலம் தபாலாபீஸ் வாசலே கதி என்று கிடக்கிறான். இரங்கூனுக்கும் உங்கள் அந்தமானுக்கும் எவ்வளவு தூரம் என்று வாத்தியாரைக் கேட்டேன், படத்தில் விரலை வைத்துக் காட்டினார், ஒரு விரல்கூட முழுசாக இல்லையம்மா.

நீயானால் பக்கம் பக்கமாக இறாலைப் பற்றி எழுதியிருக்கிறாய். மாப்பிள்ளை வேலை பார்க்கிற காட்டிலாகாத் துரைக்கு அந்தத் தீவு இறால்மேல் பைத்தியம், அது பெருமரத்து நிழல் விழுகிற ஓடையில்தான் இருக்கும், மரம் வெட்டின இடத்தில் காணாது, சினையானதும் வெள்ளத்தோடு கடலோரம் இறங்கிப் பொரிக்கும், குஞ்சுகள் பாறையைப் பிடித்துத் திரும்பக் காட்டுக்கு ஏறும், சினை இறால் அகப்படுகிற வரைக்கும் மாப்பிள்ளைக்கு லீவு கிடையாது, அதனால் மாசியில் வருகிறேன் என்று. நான் படிக்கக் கேட்டுக்கொண்டிருந்த உன் ஆத்தா, அந்தப் பூச்சிக்கு இருக்கிற புத்திகூட நான் பெத்ததுக்கு இல்லையே, பெத்துப்போட எங்கிட்டுப் போகணும்னு அதுக்குத் தெரியுதே என்று அழுதுவிட்டாள். அது ஒன்றும் ஆத்தா வீட்டுக்குப் போகவில்லை, உப்புத் தண்ணிக்குப் போகிறது என்றேன். பேசாம கெடங்க என்றாள். கிடக்கிறேன், வேறென்ன செய்ய.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஏழாம் மாதம் வளையல் போட்டு நாங்கள் வந்து அழைப்பது முறை, முறை கிடக்கட்டும், வளையலை இங்கே வந்து போட்டுக்கொள். மாசி வரைக்கும் கப்பல் ஓடும் என்று யார் கண்டது? அடுத்த கப்பலிலேயே ஏறிவிடு. மாப்பிள்ளையும் வந்தால் என் வயிற்றில் பால் வார்த்த மாதிரி, அவரை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. துரை விடாவிட்டால் வருகிற குடும்பம் எதோடாவது சேர்ந்து வா. புருஷனை விட்டுவிட்டு வந்தாள் என்று ஊர் பேசினால் பேசட்டும், பதில் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நான் நிற்பேன், எந்தக் கப்பல் என்று தெரியாவிட்டால் வருகிற கப்பலுக்கெல்லாம் நிற்பேன்.

ஓடைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கப்பலில் வெறும் வயிற்றோடு இருக்காதே. மாப்பிள்ளை ஆத்மநாதனுக்கும் உனக்கும் தீர்க்காயுசு. பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டிருந்தாய். பெயர் எங்கேயும் ஓடிவிடாது. நீ முதலில் கரையேறு, தாயே.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ரெங்கசாமி