உறங்காத வண்டி

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. பேருந்தில் தொங்கிக்கொண்டு வந்ததில் முட்டிவரை சேறு. சர்வீஸ் சென்டருக்குள் நுழைவதற்குள் மேலாளர் ஜோபி சார் கத்தினார்: "ஸ்மிஜா, வர்க்கிச்சனோட வண்டி திரும்பவும் செத்துப்போச்சு. வேற வண்டியில ஏத்திக் கொண்டுவந்திருக்காங்க. நீயே பாரு."

காஞ்சிரப்பள்ளியில் வர்க்கிச்சனின் வண்டி என்றால் மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்க வேண்டும். ரப்பர் தோட்டம், மர மில், பள்ளிக்கூடம், எல்லாம் அவருடையது. வண்டி புதுசு. சாவியைப் பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனாலே கதவு திறக்கும், பட்டனை அழுத்தினால் கிளம்பும். அதற்குள் இரண்டாவது பேட்டரியும் போய்விட்டது. சாயங்காலம் நிறுத்தும்போது நன்றாக இருக்குமாம். விடிந்து பார்த்தால் விளக்கைச் சிமிட்டக்கூட உயிர் இல்லையாம்.

டிரைவர் சுகுணன் சேட்டனும் கூடவே வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வாடிக்கையாளர் அறையில் சோபா காலியாகக் கிடந்தது; அவரோ டயர் அடுக்கின் பக்கத்தில் நின்றார்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியா மோளே? தினமும் ஓட்டறவன் நான்தான்."

"ஸ்கேனர்கிட்ட கேட்டுக்கறேன் சேட்டா."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூன் 11, புதன்

ஒரு குறையும் இல்லை.

இந்தக் காலத்து வண்டியைப் பூட்டிவிட்டால் அதற்குள் இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒவ்வொன்றாக உறங்கப் போகும். எல்லாம் அடங்க முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்கு முன்னால் மீட்டரைப் பார்த்துவிட்டுக் 'கரண்ட் கசிகிறது' என்று குதிப்பவர்கள் இங்கே நிறையப் பேர். நான் அப்படிச் செய்யவில்லை. நேற்றுப் பூட்டினேன், சாவியை முன் அலுவலக அலமாரியில் போட்டேன், காத்திருந்தேன். வண்டி குழந்தை மாதிரி உறங்கியது. இன்றும் அப்படியே. பேட்டரியிலிருந்து வெளியே போகும் கரண்ட் ஒரு கைக்கடிகாரத்துக்குக்கூடக் காணாது.

வர்க்கிச்சன் வீட்டுக்கே போய் அங்கே நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"நீ என்ன குடும்ப டாக்டரா, வீட்டுக்குப் போக? நாளைக்குள்ள இடம் காலியாகணும்" என்றார் ஜோபி சார்.

அடுத்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்குவார்களா என்பது தெரியும். மெக்கானிக் பிரிவில் நான் ஒருத்திதான் பெண். இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சாறாம்மா மேடம், வர்க்கிச்சனின் மனைவி, வண்டியை எடுக்க வந்தார். ஜோபி சார் என்னை முன்னால் தள்ளினார். "வண்டியில குறை இல்ல மேடம்" என்றேன்.

"அப்புறம் எப்படி பேட்டரி போகும்? பேயா குடிக்குது?"

"யாராவது உள்ள உக்காந்து ஏசி, பாட்டுன்னு போட்டுட்டு இருந்தா இப்படி ஆகும் மேடம்."

பேர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை, அந்த 'யாராவது' டயர் அடுக்கின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"கேட்டியாடா சுகுணா?"

"நான் அப்படி உக்காந்ததே இல்ல மேடம். சாயங்காலம் சாவியை மாட்டிட்டு நேரா வீட்டுக்குத்தான்..."

"அப்போ மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷின் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. இங்கே உறங்குகிறது என்று மட்டும்தான் சொன்னது. மீதியைச் சொன்னது நான். அவர் என்னைப் பார்த்தார். நான் மீட்டரின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஜூன் 14, சனி

அம்மா பேபிச் சேட்டன் கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். சர்ச் முக்கில் இருக்கும் டீக்கடை அது. ஊரில் யாருக்கு டிரைவர் வேண்டுமென்றாலும் அங்கேதான் சொல்லிவைப்பார்கள்.

"நம்ம சுகுணனை வர்க்கிச்சன் போகச் சொல்லிட்டாராம்டி. ஏசி போட்டுத் தூங்கித் தூங்கி ரெண்டு பேட்டரியைத் தின்னானாம். ஊர்க்காரங்க வாட்ஸப்புல வேற போட்டிருக்காரு, இவனை யாரும் வைக்காதீங்கன்னு. ஆளைப் பாத்தா அப்படியா தெரியுது?"

மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் இருந்தது. சாப்பிட்டேன். அதை எழுதிவைக்கிறேன் - சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

ஜோபி சார் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "பிரச்சினையை எப்படி முடிக்கறதுன்னு ஸ்மிஜாவைப் பாத்துக் கத்துக்கோங்கடா."

ஜூன் 23, திங்கள்

வர்க்கிச்சனின் வண்டி திரும்பவும் செத்துவிட்டது.

சுகுணன் சேட்டன் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. புது டிரைவர் வரவில்லை. வர்க்கிச்சனே ஓட்டுகிறார். அவர் ஏசி போட்டு உறங்கினாரா? அவரிடம் யார் கேட்பது?

போனை வைத்துவிட்டு ஜோபி சார் "வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வா" என்றார். இப்போது மட்டும் போகலாமாம்.

ஜூன் 24, செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வீட்டு முன்பக்கக் கூரைக்கடியில், சுவரை ஒட்டி வண்டி. வேறு பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்துக் கிளப்பினேன். பிறகு பானெட்டைத் திறந்தே வைத்து, அதன் பூட்டை ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி 'மூடிவிட்டேன்' என்று வண்டியை ஏமாற்றினேன். கதவுகளைப் பூட்டி, சாவியை மேடத்திடம் கொடுத்து, மீட்டரை மாட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சாயா வந்தது. வாசலுக்கு வந்தது.

முக்கால் மணி போயிற்று. அதற்கு மேலும் போயிற்று. மீட்டரில் எண் இறங்கவில்லை. வண்டி உறங்கப் போவதும், யாரோ தட்டி எழுப்பியது போல விழிப்பதுமாக இருந்தது.

அப்போது மேடம் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வந்து, அங்கே மாட்டியிருந்த சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். வண்டிச் சாவியோடு சாமான் அறைச் சாவியும் அதே கொத்தில்தான். தேங்காய் எடுக்கப் போயிருப்பார். கொஞ்ச நேரத்தில் எண் சரிந்தது. சரிந்து, அடங்கி, அப்படியே நின்றது. வண்டி உறங்கிவிட்டது.

அவர் திரும்பி வந்து கொத்தை மாட்டினார். மழைக்காற்றில் அது ஆடியது. எண் மேலே ஏறியது.

எழுந்து போய்ப் பார்த்தேன். வண்டிக்கு ஒரு கை தூரத்தில் ஜன்னல். ஜன்னல் கம்பிக்கு உள்பக்கம், வெளியே இருந்து கை விட்டால் எட்டுகிற இடத்தில், ஓர் ஆணி. சாவி ஆடும்போதெல்லாம் 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று வண்டியைக் கூப்பிடுகிறது. வண்டி 'யாரோ ஏற வருகிறார்கள்' என்று விழிக்கிறது. இரவெல்லாம் இதுதான். பட்டறையில் சாவி தூரத்தில் அலமாரியில் இருந்தது, அதனால் உறங்கியது. சாவியை வண்டிப் பக்கத்தில் வைக்காதீர்கள் என்று வண்டியோடு கொடுக்கும் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது. பயிற்சியில் சொல்லித் தந்த முதல் கேள்வியும் அதுதான்: வண்டி எங்கே நிற்கும், சாவி எங்கே இருக்கும்? நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆளை வைத்துப் பையன்களைச் சிரிக்கவைத்தேன்.

"ஆணியை ஏன் மேடம் இங்க அடிச்சீங்க?"

"வேற எங்க அடிக்கறது? சுகுணன் உள்ள வர மாட்டானே. காலையில கையை விட்டு எடுத்துக்குவான், சாயங்காலம் மாட்டிட்டுப் போவான்."

"வர மாட்டாரா, வர விட மாட்டீங்களா?"

கேட்டேவிட்டேன். மேடம் என் செருப்பைப் பார்த்தார். படியில் நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்றும் பார்த்தார்.

"அவன் மாதிரி ஆளுங்க எல்லாம் உள்ள வர்ற வழக்கம் இங்க இல்ல மோளே. அவனுக்கே தெரியும்."

எத்தனை வருடமாக அவர் கம்பிக்குள் கையை விட்டிருப்பார்? ஒரு மனிதன் வாசல் தாண்டக் கூடாது என்று அடித்த ஆணி பேட்டரியைக் குடித்தது. பழி அவர் மேல். அந்தப் பழியைப் போட்டது நான்.

"சுகுணன் சேட்டன் மேல தப்பே இல்ல மேடம். நான் சொன்னதுதான் தப்பு."

"சரி விடு. போனது போச்சு. இனிமே சாவியை எங்க வைக்கணும், அதைச் சொல்லு."

ஜூன் 26, வியாழன்

சாவியைப் படுக்கையறைக்கு மாற்றிய பிறகு வண்டி காலையில் ஒரே அழுத்தில் கிளம்புகிறதாம். ஜோபி சாருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

"அந்த டிரைவருக்கு நம்ம பக்கத்திலிருந்து ஏதாவது சொல்ல வேண்டாமா சார்?"

"என்ன சொல்றது? நம்ம சர்வீஸ் சென்டர் தப்பா பாத்துச்சுன்னா? உனக்கு வேலை வேணுமா வேண்டாமா? வண்டி சரியாச்சு. வண்டியைப் பாக்கத்தான் நமக்குச் சம்பளம்."

ஜூன் 29, ஞாயிறு

சுகுணன் சேட்டன் வீட்டுக்கு இன்று போயிருக்கலாம். மழை என்று சொல்லிக்கொண்டேன். மழை விட்ட பிறகும் போகவில்லை.

ஜூலை 3, வியாழன்

போனேன்.

மரம் ஏற்றும் கூலி வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். தோள்பட்டை தோலுரிந்து சிவந்திருந்தது. அவர் மனைவி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சேட்டன் சட்டையைப் போட்டுக்கொண்டார். அந்த வெள்ளைச் சட்டை இல்லை.

எல்லாம் சொன்னேன். ஆணி, சாவி, காற்று. என்னை மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். குரல் உடைந்தது. உடைந்ததில் கொஞ்சம் நடிப்பும் இருந்ததோ? தெரியவில்லை.

அவர் சொன்னார்: "அழாத. அழுதா நான்தான் சமாதானம் சொல்லணும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல."

பிறகு: "நீ அன்னிக்கு எங்க வெச்சுச் சொன்ன? நாலு பேர் நிக்கற இடத்துல. இன்னிக்கு என் வீட்டு அடுப்படியில வந்து காதுல சொல்ற. எனக்கு எதுக்குடி இது? நான் தூங்கலன்னு எனக்குத் தெரியாதா?"

அவர் மனைவி மட்டும் ஒன்று சொன்னார்: "மூணு வீட்ல கேட்டாச்சு. 'ஏசி சுகுணன்'னு பேரே வெச்சுட்டாங்க."

ஜூலை 6, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வர்க்கிச்சன் பேபிச் சேட்டன் கடையில் பேப்பர் வாங்க நிற்பார் என்று தெரியும். எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வீட்டில் கார் இருக்கிறவர்கள்.

"வர்க்கிச் சாரே, உங்க பேட்டரி போனதுக்குச் சுகுணன் சேட்டன் காரணம் இல்ல."

"யாருடி நீ?"

"சர்வீஸ் சென்டர்ல உங்க வண்டியைப் பாத்தவ. அவர் மேல பழி விழற மாதிரி சொன்னது நான்தான். தெரியாம சொன்னேன். சாவியை ஜன்னல் ஆணியில மாட்டினதாலதான் பேட்டரி போச்சு. மேடத்துக்கும் தெரியும். இடம் மாத்தின பிறகு வண்டி ஒரு நாளாவது நின்னுச்சா?"

பேபிச் சேட்டன் டீ ஆற்றுவதை நிறுத்தினார். "அப்போ ரெண்டு பேட்டரியையும் தின்னது ஒரு ஆணியா? அதுக்கு யாரு சாரே சம்பளம் கொடுத்தது?"

சிலர் சிரித்தார்கள். வர்க்கிச்சன் சிரிக்கவில்லை. "வேலை தெரியாத பொண்ணுங்களை வெச்சா இப்படித்தான்."

"ஆமா சாரே, எனக்குத் தெரியல. ஆனா குரூப்புல போட்டது நீங்க. அது தப்புன்னும் அங்கயே போடுங்க."

அவர் பேப்பரை மடித்தார். "ஜோபிகிட்ட பேசிக்கறேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். தைரியம் என்று அம்மா சொன்னாள். இல்லை. முதல் நாளே கேட்டிருந்தால் அது தைரியம்.

ஜூலை 8, செவ்வாய்

நிரந்தரம் இல்லை. 'திறனை இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும்.' அதுவரை வண்டி கழுவும் பகுதி. பையன்கள் ஷாம்பு வாளியை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 20, ஞாயிறு

வர்க்கிச்சன் குரூப்பில் ஒன்றும் போடவில்லை. பேபிச் சேட்டன் மட்டும் டிரைவர் கேட்டு வருகிறவர்களிடம் ஆணிக் கதையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறார், சொல்லச் சொல்ல ஆணி பெரிதாகிறது என்று அம்மா சொன்னாள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

மழை கொஞ்சம் ஓய்ந்தது. பதினொரு மணிக்கு அரசு மருத்துவமனைப் பெண் டாக்டரின் வண்டி சர்வீசுக்கு வந்தது. ஓட்டி வந்தவர் சுகுணன் சேட்டன். வெள்ளைச் சட்டை. வாடிக்கையாளர் அறைக்குள் போய்ச் சோபாவில் உட்கார்ந்தார், பேப்பரை விரித்தார்.

வேலை முடிந்து வண்டி கழுவ வந்தது. நான் தண்ணீர்க் குழாயைக் கையில் எடுத்திருந்தேன். அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து ஜோபி சாரிடம் சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை, எனக்குக் கேட்டது.

"அந்தப் பொண்ணு வேண்டாம். இந்த வண்டியை வேற யாராவது கழுவட்டும்."

குழாயைப் பையனிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கினேன்.

பிறகு அவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். எங்கள் முற்றம் முழுக்கப் பள்ளமும் சேறும். ஒரு சக்கரம்கூட அதில் இறங்கவில்லை.