வாஹிதின் டாக்ஸியில் இறுகிய பூலி

நஸீரா,

நேற்று சாப்பிடும்போது, "என் தம்பி மேல கோவமா?" என்று நீ கேட்டாய். நான் பதில் சொன்னேனா, மனதுக்குள் மட்டும் சொல்லிக்கொண்டேனா என்று சரியாக நினைவில்லை. கோபம் இல்லை. அவன் டாக்ஸி எஞ்சினில் துருப்பிடித்து இறுகிய பூலியை, அந்த பெல்ட் சுற்றும் சக்கரத்தை, நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், உங்க வாயும் தெறக்கல, பூலியும் கழறல" என்று பட்டறையில் எல்லோர் முன்னாலும் சொன்னான். இன்று வண்டியைக் கயிறு கட்டி சயானில் இருக்கும் வேறு பட்டறைக்கு இழுத்துப்போக, முதலில் சாவி கேட்டு வீட்டுக்கு வருவான். அப்படிப் போய்விட்டால் பிறகு இந்த வீட்டுக்கு வரக் கூசுவான். பத்து மணி வரை அவனை உட்கார வை. இடியாப்பம் கொடு. கார் சாவி அரிசி டப்பாவில் இருக்கிறது. கேட்டாலும் கொடுக்காதே.

நேற்றே மண்ணெண்ணெய் ஊற்றி, பூலியைக் கவ்வி இழுக்கும் புல்லரை மாட்டி இறுக்கிவிட்டு வந்தேன். அது இந்நேரம் வரை இழுத்துக்கொண்டே இருந்திருக்கும். இனி பூலியை மட்டும் சூடாக்கி, புல்லர் போல்ட்டின் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். வந்துவிடும். சந்தேகமே இல்லை.

பதினொன்றரை மணி. நீ குழாயடிக்குப் போயிருக்கிறாய், அதனால் காலையில் எழுதியதன் கீழேயே எழுதுகிறேன். சாவியை எடுக்கத்தான் வந்தேன். வாஹித் பட்டறைக்கு வந்தபோது பூலி என் கையில் இருந்தது. ஏன் ஒரு நாள் காத்திருந்தேன் என்று சொன்னேன். "இத நேத்தே சொல்லித் தொலைச்சிருந்தா என்ன மச்சான்? ராவெல்லாம் லாத்தா அழுதிருக்கா!" என்றான். நீ அழுதது எனக்குத் தெரியாது.

பூலி மாட்டியாகிவிட்டது. வாஹித் சவாரிக்குப் போகிறான், மதியம் இங்கேதான் சாப்பிடுவான். நானும் வருகிறேன்.